இரண்டாவது கத்தி

சம்பங்கி வீட்டுக்குள் கொய்யாப்பழம் நுழைந்து பத்து வருடம் ஆகிறது. கோரமண்டல் ரயில் ஸ்டேஷன் வாசலில் கூடை கூடையாக விற்கிற பழத்தை வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஆள் இவர் ஒருவர்தான். கத்தி அதன் விதைகளில் படும்போது ஒரு கரகரப்பு எழும். அது காதில் விழுந்தால் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவார். மனைவி கிருஷ்ணம்மா முதலில் சண்டை போட்டுப் பார்த்தாள். பிறகு ஆசை வந்தால் பக்கத்து வீட்டில் தின்றுவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வந்தாள். காரணத்தை அவளிடம்கூட மனிதர் சொன்னதில்லை.

பயந்த சுபாவமோ என்றால் அதெல்லாம் இல்லை. முப்பத்தெட்டு வருடம் பிணவறையில் வேலை பார்த்தவர். பக்கத்து மேசையில் பிணம் கிடக்க, இந்த மேசையில் பொட்டலத்தைப் பிரித்து இட்லி தின்றவர். "செத்தவன் இன்னா பண்ணப்போறான்? உசுரோட இருக்கறவன்கிட்டதான் உஷாரா இருக்கணும்" என்று அப்போதெல்லாம் சொல்வார். இப்போது சொல்வதில்லை.

இருபது வயதில் தங்கச் சுரங்கத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பூமிக்கடியில் வேலை செய்தவன் எப்படிச் செத்தாலும், மாடு முட்டிச் செத்தாலும் சரி, அவன் நுரையீரலை முதுகுப் பக்கமாகக் கீழிருந்து மேலே ஒரே இழுப்பில் அறுத்துப் பார்த்துவிட வேண்டும். கல்தூசி ஏறியிருந்தால் கத்தி கரகரக்கும். கரகரத்தால் மருந்துத் தண்ணீர் ஜாடியில் போட்டு, பேரெழுதி ஒட்டி, எடுத்து வைப்பார்கள். அந்த ஜாடியைக் காட்டித்தான் செத்தவன் பெண்டாட்டி நஷ்டஈடு கேட்க முடியும். சம்பங்கி இடதுகைக்காரர். இழுத்து முடிக்கும்போது மணிக்கட்டு தானாக ஒரு திருப்பு திருப்பும். அறுப்பின் நுனி தூண்டில் முள் மாதிரி வளைந்துவிடும். "இது சம்பங்கி அறுத்தது, பேரே எழுத வேணாம்" என்று பெரிய டாக்டர் கேலி பண்ணுவார்.

2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். சம்பங்கிக்கு ஊரில் வேறொரு ஆஸ்பத்திரியின் பிணவறையில் வேலை கிடைத்தது. கேட்பாரற்றுக் கிடந்த சில பழைய ஜாடிகளும் அவர் கூடவே அங்கே வந்து, பின்கட்டு அலமாரியில் உட்கார்ந்தன.

பதினோரு வருடம் கழித்து ஒரு நாள் மத்தியானம், அந்த மேசைக்குக் கௌதமன் வந்தான். சுரங்கத்தில் பதினேழு வருடம் கல் உடைத்தவன். மூடிய பிறகு, சுரங்கத்துக் குவார்ட்டர்ஸ் வீடுகளைக் குடியிருப்பவர்கள் பேருக்கே எழுதிக் கொடு என்று போராடி, கவுன்சிலராகி, அடுத்த எம்.எல்.ஏ. அவன்தான் என்று ஊர் பேச ஆரம்பித்திருந்த நேரம். ஊர்க்கோடியில் பாலகாட்டில் கூட்டம் முடிந்து மேடையிலிருந்து இறங்கியவனுக்கு இடது விலாவில் ஏழு குத்து. குத்தியவன் அங்கேயே பிடிபட்டான். "நான் ஒருத்தன்தான் குத்தினேன்" என்றான். யார் நம்புவார்கள்?

பிணவறைக்கு வெளியே தெரு கொள்ளாத கூட்டம். டூட்டியில் இருந்த டாக்டர் ஜோஸ் சின்ன வயசுக்காரர். மேலிடத்திலிருந்து போன்மேல் போன் வர, பாதியில் வெளியே போனவர் திரும்பி வர அரை மணி நேரம் ஆயிற்று. எடுத்து வைத்த நுரையீரல் சம்பங்கிக்கு முன்னால் இருந்தது. கௌதமன் ஓயாமல் இருமுகிறவன் என்பது சுரங்கத்து லைன் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அவன் மனைவி சுலோச்சனாவை நினைத்துக்கொண்டார். பாவம், நுரையீரலில் கல் இருந்தால் அவளுக்கு ஏதாவது நஷ்டஈடு கிடைக்குமே. நினைத்து முடிப்பதற்குள் கை தன் வேலையைச் செய்துவிட்டது. கத்தி கரகரத்தது.

டாக்டர் திரும்பி வந்தபோது அது ஜாடிக்குள் இருந்தது. "முழுசா, அப்படியேதானே வச்சீங்க?" என்று கேட்டார்.

சொல்லாமல் அறுத்ததற்குத் திட்டு விழுமே என்று சம்பங்கி, "ஆமா சார்" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன பொய்.

உடலை மறுநாளே எரித்துவிட்டார்கள். மிஞ்சியது ஜாடி ஒன்றுதான். வழக்கு நடந்தபோது வெளியூர் நிபுணர் ஒருவர் அதைப் பார்த்தார். குறுகலான குத்துகளோடு, நீளமாக, அகலக் கத்தியால் ஒரு வெட்டு இருந்தது. குத்தியவனிடம் பிடித்ததோ ஒரு விரல் அகலக் கத்தி. அப்படியானால் கத்தி இரண்டு, ஆளும் இரண்டு என்றார் நிபுணர். அது அறுத்துப் பார்த்த வெட்டாக இருக்கலாமே என்று எதிர்த் தரப்பு டாக்டர் சொன்னதற்கு, விலை போய்விட்டார் என்று கல்லெறியாத குறையாக விரட்டினார்கள். டாக்டர் ஜோஸ் கூண்டில் ஏறி, நுரையீரலை யாரும் தொடவில்லை, முழுசாக ஜாடியில் போட்டோம் என்று சத்தியம் பண்ணினார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதானே.

அகலக் கத்தியைத் தேடிப் போன போலீஸ், பக்கத்து ஊர் பேத்தமங்களாவில் மட்டன் ஸ்டாலில் வேலை செய்த திலீப்பைப் பிடித்தது. கடை போட இடம் கேட்டு ஒரு வாரம் முன்பு அவன் கௌதமனோடு சத்தம் போட்டிருந்தான். அன்றைக்குக் கூட்டத்திலும் நின்றிருந்தான். அவன் கறி வெட்டுகிற கத்தி அந்த வெட்டின் அளவுக்குச் சரியாக இருந்தது. ஆயுள் தண்டனை. வருடா வருடம் கௌதமன் நினைவு நாளில், 'இரண்டாவது கத்தியை ஏவியது யார்?' என்று சுவரெல்லாம் போஸ்டர்.

தீர்ப்பைப் பேப்பரில் படித்த அன்றுதான் சம்பங்கிக்கு விளங்கியது. அந்த இரண்டாவது கத்தி அவருடையது. நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று படுத்தார். அந்த நாளை பத்து வருடமாக வரவில்லை. கோழைத்தனம்தான், வேறு பேர் வைத்து மழுப்ப என்ன இருக்கிறது?

மறந்து தொலைக்கவும் விடவில்லை வெங்கடம்மா. திலீப்பின் அம்மா. மாதம் ஒரு முறை மகனை ஜெயிலில் பார்த்துவிட்டு ரயிலில் வந்து கோரமண்டலில் இறங்குவாள். நேரே சம்பங்கி வீடு. உட்காரமாட்டாள்.

"நீங்கதானேண்ணா கூட இருந்தீங்க. நெஜமா ரெண்டு கத்தியா?"

"அதெல்லாம் டாக்டருக்குத்தாம்மா தெரியும்."

தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அடுத்த மாதம் அதே கேள்வி, அதே பதில். ஒரு மார்கழி மாதம் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். இன்னாம்மா இது என்று கிருஷ்ணம்மா பதறியதற்கு, "கொழாயடில நனஞ்சிட்டேன்" என்றாள். அன்றைக்கும் அதையேதான் கேட்டாள். அன்றைக்கும் அதையேதான் சொன்னார் சம்பங்கி.

போன வருடம் வெங்கடம்மா செத்துப்போனாள். அதற்குப் பிறகும், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் வருகிற ரயிலின் சத்தம் கேட்டால் சம்பங்கியின் கண் வாசலுக்குப் போகும். யாரும் வரமாட்டார்கள். வந்தபோது இருந்த பயத்தைவிட இது மோசமாக இருந்தது.

திலீப்பின் அப்பீலில் கோர்ட்டு ஜாடியை மறுபடி பார்க்கச் சொன்னது. பெங்களூரிலிருந்து அந்தப் பிணவறைக்கே டாக்டர் நளினி வந்தார். பேரெழுதி ஒட்டியவர் என்பதால் சம்பங்கிக்கும் ஆள் அனுப்பினார்கள்.

"இந்த எழுத்து உங்களோடதா?"

"ஆமா மேடம்."

"அப்ப இதுல சைன் பண்ணுங்க. அவ்வளவுதான், நீங்க போலாம்."

போயிருக்கலாம். சம்பங்கி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பின்கட்டு அலமாரிச் சாவியைக் கேட்டார். பழைய சுரங்கத்து ஜாடிகளில் நாலைத் தூக்கி வந்து, தூசியை வேட்டி நுனியால் துடைத்து, கௌதமனின் ஜாடிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

நளினி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். எல்லாம் கீழிருந்து மேலே போன வெட்டு. எல்லாவற்றுக்கும் நுனி ஒரே பக்கமாக வளைந்திருந்தது.

"இதெல்லாம் யார் அறுத்தது?"

"நான்தான்."

அவர் விரல் கௌதமனின் ஜாடியில் வந்து நின்றது.

"அதுவும் நான்தான் மேடம். டாக்டர் வெளிய இருந்தாரு. முழுசா இருக்குதுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"மொதல்ல திட்டுவாங்கன்னு சொல்லல. அப்புறம் அடிப்பாங்கன்னு சொல்லல."

"இப்ப மட்டும்?"

"இப்ப வந்து கேக்க அந்தம்மா இல்ல மேடம்."

நளினி வெகுநேரம் எழுதினார். கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும், திலீப் வெளியே வர இது போதும் என்றார். கிளம்பும்போது சம்பங்கி, கல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நிறைய இருக்கிறது என்றார் நளினி.

டி.வி.யில் வருவதற்குள் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று அங்கிருந்து நேரே சுலோச்சனா வீட்டுக்குப் போனார். புத்தர் படத்துக்குக் கீழே கௌதமன் படம். உட்காருங்கண்ணா என்றாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவள் முந்தானை நுனியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கல்லு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"பீடி குடிச்சிக் குடிச்சித்தான் இருமுறேன்னு தெனம் திட்டிக்கினே இருப்பேன்."

பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு நாளு அந்தம்மா இங்க வந்தா. இதே படிலதான். எம்புள்ள குத்தலம்மான்னு என் காலப் புடிச்சா. ஒரு பக்கெட்டுத் தண்ணிய தூக்கி அவ தல மேல ஊத்துனேன். மார்கழிக் குளுரு. தெருவே வேடிக்கை பாத்துச்சு."

சம்பங்கி திரும்பி அந்தப் படியைப் பார்த்தார்.

"அந்தத் தண்ணிய நான் ஊத்தலண்ணா. நீங்க ஊத்துனீங்க."

"அன்னிக்கு நேரா என் வீட்டுக்குத்தாம்மா வந்தா. இன்னாம்மா இதுன்னு கிருஷ்ணம்மா கேட்டா. கொழாயடில நனஞ்சிட்டேன்னுதான் சொன்னா."

சுலோச்சனா அப்போதுதான் அழுதாள்.