தளியில் விழுந்த பலூன்

எங்கள் ஹாம் ரேடியோ கிளப் காலையில் ஓசூரில் பறக்கவிட்ட பலூன் தளி பக்கம் விழுந்தது. சிக்னலைப் பின்தொடர்ந்து போனால், முட்டைக்கோஸ் தோட்டத்தில் கூட்டம்.

ரேடியோவும் கேமராவும் வைத்துப் பலூனில் கட்டியிருந்த பெட்டியைக் கண்டெடுத்த பழைய இரும்புக்கார பாயை வேலித் தூணில் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்திருந்தது.

"பாம் வெச்சிருக்கான், கிட்ட போவாதம்மா!"

"அது எங்க பெட்டிங்க. மேலயே எழுதியிருக்கே."

முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன்.

"இங்கிலீஷ்ல எழுதினா எங்களுக்கு என்னாத்த தெரியும்?" என்றபடி ஒருவர் கயிற்றை அவிழ்த்தார்.

கூட வந்திருந்த எங்கள் கிளப் செயலாளர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "நல்லவேளை, கேமரா உடையல."

பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

'வெற்றி' என்று இந்தக் குழுமத்தில் எல்லோரும் வாழ்த்தியிருக்கிறீர்கள். நாளை அவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். வாழ்த்தியவர்களில் யார் என்னோடு வருகிறீர்கள்?