நாற்பது எழுத்துக்கான இடம்

எழுபதுகளின் பிற்பாதியில், தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் நிரல் எழுதும் வேலையில் இருந்தேன். கப்பலில் வரும் அம்மோனியாவைக் குழாய் வழியாக இறக்குவார்கள். எங்காவது கசிந்தால் மணி அடித்து, தட்டச்சில் செய்தி அடிக்க வேண்டியது எங்கள் கம்ப்யூட்டர். என் கணவருக்குக் கப்பல் மேடையில் வேலை. மணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை.

அன்று மதியம் கப்பல் நின்றிருந்தது. மேடையிலிருந்து போன். அவர்தான்.

"ஏளா, இங்கன மூக்கு எரியுது. ஒங்க மெஷின் ஒண்ணும் சொல்லலியா?"

பலகையைப் பார்த்தேன். எல்லா விளக்கும் பச்சை. தட்டச்சில் கடைசியாக இருந்தது, தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது என்ற செய்தி.

"ஒண்ணும் இல்லையே" என்றேன். மறுமுனையில் இருமல், யாரோ ஓடும் சத்தம். அதோடு போன் அடங்கிப்போனது.

பக்கத்தில் இருந்த ஷிப்ட் இன்ஜினியரிடம் சொன்னேன்.

"பச்சையாத்தானே இருக்கு?" என்றார்.

"சார், மெஷின நம்பாதீங்க. பம்ப நிறுத்துங்க."

என் முகத்தைப் பார்த்தவர் வேறு எதுவும் கேட்காமல் நிறுத்தினார்.

மேடையில் இருந்தவர்கள் வரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்லவேளையாக மேற்கிலிருந்து வீசிய மேல்காற்று, வாயுவைக் கடல் பக்கம் தள்ளியது. கண்கள் வீங்கி, சட்டை நனைந்து என் கணவர் வந்தார். "எல்லாரும் வந்தாச்சு" என்றார். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூத்த நிரலாளரும் நானும் மெமரியில் இருந்ததை அச்செடுத்துப் பார்த்தோம். மற்ற நிரல்களையெல்லாம் மேய்க்கும் அடிப்படை நிரலில், அச்சுக்குப் போகும் செய்தியை வைத்துக்கொள்ள நாற்பது எழுத்துக்கு இடம் இருந்தது. தெளிவாக இருக்கட்டும் என்று தொட்டிச் செய்தியை யாரோ நீட்டியிருந்தார்கள். இடம் கொள்ளாத எழுத்துகள் பக்கத்து இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டன. எந்தெந்த மணி அடிக்கலாம் என்ற குறிப்பு அங்கேதான் இருந்தது. செய்தி முழுசாக அச்சானதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தக் குறிப்பு அழிந்ததால் கசிவு மணி ஊமையாகி, விளக்கும் பச்சையிலேயே நின்றுவிட்டது.

"இனி எண்ணிப் பாத்துப் போடச் சொல்லுவோம்" என்றார் மூத்த நிரலாளர்.

"மனுசன் எண்ணுனா தப்பும் சார். மெஷினே எண்ணட்டும்."

நிரல் இயந்திர மொழிக்கு மாறும்போதே ஒவ்வொரு செய்தியின் நீளத்தையும் ஒதுக்கிய இடத்தோடு ஒப்பிடும்படி சில வரிகள் சேர்த்தேன். நீளம் மிஞ்சினால் மாற்றம் பாதியிலேயே நின்றுவிடும். ஓடக்கூடிய நிரலே பிறக்காது. அந்த நீண்ட செய்தியையே கொடுத்துப் பார்த்தோம். பிழை என்று அடித்துவிட்டு நின்றது.

அப்படியும் பயம் விடவில்லை. நாங்கள் எழுதிவைத்ததன் நீளம் முன்கூட்டியே தெரியும். நிரல் ஓடும்போது வெளியே உள்ள கருவிகளிலிருந்து வந்து விழுவதன் நீளம் யாருக்குத் தெரியும்? அதற்கும், இடத்துக்கு மிஞ்சியதை வெட்டிவிடும் ஒரு காவல் வைத்தோம்.

என் கணவர் மறுபடி மேடைக்குப் போனார். "இனி மணி அடிக்கும்லா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன்பின் எந்தக் கப்பல் வந்தாலும், மணியை நானே ஒருமுறை அடிக்கவைத்துக் கேட்ட பிறகுதான் குழாயைத் திறக்கச் சம்மதித்தேன்.