பரஸ்கேவியின் கடைசிக் கண்

புனித பரஸ்கேவி தேவாலயத்தின் சாவி கனேலாவிடம்தான் இருந்தது. கிரேக்க நாட்டின் மானி மலைச்சரிவில் பல நூறு வருஷமாக நிற்கும் குட்டிக் கோயில் அது. பத்துப் பேர் நெருக்கியடித்து நிற்கலாம். ஆனால் சுவர் முழுக்கப் புனிதர்கள், ஈரச் சுண்ணாம்பின் மேல் செங்காவியிலும் நீலத்திலும் தீட்டிய ஓவியங்கள். கை எட்டும் உயரம் வரை, ஒருத்தியைத் தவிர ஒருவருக்கும் கண் கிடையாது.

வெளியூர்க்காரர்கள் கேட்டால், கடற்கொள்ளையர் தோண்டிவிட்டார்கள் என்று கூசாமல் சொல்வாள். கொள்ளைக்காரனுக்கு வேறு வேலை இல்லையா என்ன! ஊரில் யாருக்குக் கண் நோவு வந்தாலும் புனிதரின் கண்ணைச் சுரண்டி, அந்தத் தூளைத் தண்ணீரில் கலந்து குடிப்பார்கள். குடித்துக் குடித்தே சுவரைக் குருடாக்கியிருந்தார்கள். கண்களைக் காக்கும் பரஸ்கேவிக்கு மட்டும் இடது கண் மிஞ்சியிருந்தது. அதற்குக் கனேலாதான் காவல். பக்கத்து வீட்டுக்காரி தன் மாமியாருக்காகக் கேட்டு வந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி விரட்டியவள் அவள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அப்படிப்பட்டவளின் புருஷனுக்கே பார்வை மங்கியது. லிகூர்கோஸ் ஆலிவ் தோட்டக்காரர், ஈஸ்டருக்கு மட்டும் கோயிலில் தலைகாட்டுகிறவர். கலமாத்தா நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை. இருக்கிற வெளிச்சமும் சீக்கிரம் போய்விடும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

மறுநாள் காலை, திராட்சை அறுக்கும் கத்தியோடு போய்க் கோயிலைத் திறந்தாள். பரஸ்கேவியின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சுரண்டினாள். உள்ளங்கையில் ஒரு சிட்டிகைத் தூள் விழுந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பாவம். தூள் நனைந்துவிடுமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதைக் காப்பியில் கலந்து புருஷனிடம் நீட்டினாள். அந்த ஊர்க் காப்பி வடிகட்டாதது; அடிமண்டியை யாரும் குடிப்பதில்லை. லிகூர்கோஸ் ஒரு வாய் குடித்தார். பல்லில் நறநறவென்றது. கொஞ்சம் நிறுத்தினார். பிறகு மண்டியோடு சேர்த்துச் சொட்டு விடாமல் குடித்துவிட்டுக் கேட்டார்.

"மிச்சமிருந்த அந்த ஒண்ணா?"

"ஆமா."

"பைத்தியக்காரி," என்றார். குரலில் கோபமே இல்லை.

குளிர்காலம் முடிவதற்குள் இருந்த வெளிச்சமும் போயிற்று. கனேலாவுக்குப் பரஸ்கேவியின் முகத்தில் விழிக்கக் கூச்சம். கோயிலைப் பார்க்க வந்தவர்களிடம் சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினாள். விளக்குக்கூட ஏற்றவில்லை. லிகூர்கோஸ் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள், என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போ என்று எழுந்துவிட்டார்.

உள்ளே போனதும் அவர் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். அவர் விரல்கள் பரஸ்கேவியின் முகத்தைத் தடவி, இரண்டு குழிகளிலும் நின்றன.

"இப்ப அவளுக்கும் கண் தெரியாது, எனக்கும் தெரியாது," என்றார். "அதுக்காக எங்களைப் பூட்டி வச்சிடாத, கனேலா. விளக்கை ஏத்து. எண்ணெய் வாசம் வந்தா, நீ பக்கத்துல இருக்கேன்னு ரெண்டு பேரும் தெரிஞ்சுக்குவோம்."

கனேலா திரியைத் தூண்டி விளக்கேற்றினாள்.