கூடத்தில் மாட்டியிருந்த டால்பின்

போன வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காரைக்குடி செக்காலையில் கீழே என் கணவரின் இரும்புக் குழாய்க் கடை, மாடியில் எங்கள் வீடு. எங்கள் ஒரே மகள் அப்போது வெளியூரில் விடுதியில் தங்கி மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு மட்டும்தான் பிள்ளைகள் கையில் போன் தருவார்கள். அவள் கூப்பிடும்வரை எனக்குச் சோறு இறங்காது.

அன்று அவள் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு வீடியோ வந்தது. கூடவே ஒரு வார்த்தை இல்லை. திறந்தால், டால்பின்களைப் பற்றிய ஆவணப்படம்.

டால்பின் எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. அவளுக்கு ஏழு வயதில், வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போனபோது டால்பின் காட்சிக்குப் போயிருந்தோம். டால்பின் அவள் கன்னத்தை உரசுகிற மாதிரி எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாம், "ரெண்டுல எது அழகாச் சிரிக்குது?" என்று கேட்பார்கள். அந்த ஞாபகத்தில் அனுப்பியிருப்பாள் என்று சந்தோஷமாகப் பார்க்க உட்கார்ந்தேன்.

முதலில் வெறும் கடல். வரிசையாகப் படகுகள். நீண்ட இரும்புக் குழாய்களைத் தண்ணீருக்குள் இறக்கி, மேல் முனையைச் சுத்தியலால் தட்டுகிறார்கள். டங்... டங்... டால்பின்களுக்குக் காதுதான் கண் மாதிரியாம். அந்தச் சத்தம் சுவர் போலப் பின்னால் வர, அவை மிரண்டு, குட்டிகளோடு ஒரு சின்னக் குடாவுக்குள் ஓடுகின்றன. வலையை இழுத்து வழியை அடைக்கிறார்கள். அழகான இளசுகளைப் பொறுக்கித் தூளி கட்டித் தூக்குகிறார்கள், காட்சி நடத்துபவர்களுக்கு விற்க. மிச்சத்தை அங்கேயே... தண்ணீர் நிறம் மாறியதும் நான் படத்தை நிறுத்திவிட்டேன்.

அப்போதும் டங், டங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

போனைத் திருப்பிப் பார்த்தேன், படம் நின்றுதான் இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, சத்தம் கீழே கடையிலிருந்து. வாங்க வருகிறவர்கள் விரிசல் இருக்கிறதா என்று தட்டிக் கேட்டுத்தான் குழாய் எடுப்பார்கள். கல்யாணமாகி வந்த நாள் முதல் கேட்கிற சத்தம். அன்றைக்கு அது என் முதுகுக்குப் பின்னால் நின்று துரத்துகிற மாதிரி இருந்தது.

எப்படியோ மீதியையும் பார்த்தேன். டால்பின் சிரிப்பதில்லையாம். வாயின் அமைப்பே அப்படியாம். பட்டினி கிடந்தாலும் சரி, செத்தே போனாலும் சரி, அந்த முகம் மாறாது.

தலையைத் தூக்கினேன். எதிரே கூடத்துப் படம். அது என்னைப் பார்த்துச் சிரித்தது. பக்கத்தில் என் மகள். அன்று அவள் பயந்து அழுததும், படம் எடுப்பவர் காத்திருக்கிறாரே என்று நான் அவள் கண்ணைத் துடைத்து, "சிரி பாப்பா, சிரி" என்று நிறுத்தியதும் ஞாபகம் வந்தது.

அந்த நேரம் வீடியோ கால். வழக்கம்போலச் சிரித்த முகம். "சாப்பிட்டீகளாம்மா?" என்றாள். உடனே சிக்னல் போய்ப் படம் உறைந்துவிட்டது. குரல் மட்டும் விட்டுவிட்டு வந்தது. "நல்லா இருக்கேம்மா... நல்லாத்தான் இருக்கேன்..." அந்தக் குரல் அழுதது. முகம் பல் தெரியச் சிரித்தபடியே நின்றது.

போனோடு கீழே ஓடினேன். "பிள்ள சிரிச்சாலும் பயம், சிரிக்காட்டியும் பயம். பயப்படுறதுக்குச் சம்பளம் குடுத்தா நீ இந்நேரம் பங்களா கட்டியிருப்ப" என்றார் கணவர்.

"இங்குட்டு வாங்க. முகத்தப் பாக்காதீக. குரல மட்டும் கேளுங்க."

போனை வாங்கிக் காதில் வைத்தார். குழாயைத் தட்டிக் கேட்கும்போது சாய்ப்பது போலவே தலையைச் சாய்த்தார். பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தவரிடம், "அண்ணே, செத்த நேரம் நிறுத்துங்க" என்றார். பிறகு, "அழாத ஆத்தா. அப்பா வாரேன்" என்று சொல்லிக்கொண்டே ஷட்டரை இறக்கினார்.

சாயங்காலம் விடுதி வாசலுக்கு வந்தவளை அடையாளமே தெரியவில்லை. பாதியாக இளைத்திருந்தாள். சாப்பாட்டை யாருக்கும் தெரியாமல் கொட்டியிருக்கிறாள். போனில் முகம் மட்டும்தானே தெரியும்!

"ஏன்டி எங்ககிட்ட சொல்லல?"

"நீங்கதானம்மா, அப்பா மனசு கஷ்டப்படும், சிரிச்ச முகமாப் பேசுன்னு சொன்னீக. அதான் அந்த வீடியோவ அனுப்புனேன்."

இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்ன செய்திருப்பாள் என்றும் சொன்னாள். அதை நான் எழுதப் போவதில்லை.

மருத்துவரிடம் காட்டினோம். தேறிவிட்டாள். இப்போது வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போகிறாள். கூடத்துப் படத்தைக் கழற்றப் போனேன். "இருக்கட்டும்மா. அது பாவம், எங்குட்டுப் போகும்?" என்று தடுத்துவிட்டாள். கீழே குழாய் தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கண் அந்த டால்பின் மேல் போய், பிறகு மகளைத் தேடுகிறது. அவள் சிரித்துப் பேசினால் கிட்டே போய் உட்கார்ந்துகொள்கிறேன். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு என்னோடு சண்டை போடுகிற நாளில்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.