பூஜை நாளில் எண்ணிய சாலை

நான் பொய் எழுதினேன். தெரியாமல் அல்ல. யாரும் என் கழுத்தைப் பிடித்து எழுத வைக்கவும் இல்லை. தெளிந்த புத்தியோடு, நல்ல கையெழுத்தில், நாள் கிழமை உட்பட மாற்றிப் பொய் எழுதினேன்.

என் தொழில் சாலையில் வண்டி எண்ணுவது. ஓரிடத்தில் பெரிய கடை வரப்போகிறது என்றால், அதனால் அந்தச் சாலையில் நெரிசல் எவ்வளவு கூடும், வருகிற வண்டிகளை நிறுத்த இடம் போதுமா என்று பார்த்து அறிக்கை தர வேண்டும். அது இல்லாமல் அனுமதி கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்க் காரை நிறுத்துகிறீர்களே, அந்த இடம் என்னைப் போன்ற ஒருவன் கையெழுத்துப் போட்டதால் வந்தது. உங்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும்!

செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்து ஊரே மூழ்கியதே, அதற்கு மூன்று நான்கு வருஷம் முன்பு நடந்தது இது. ஒரகடம் கூட்டுச்சாலைக்குச் சற்று முன்னால், துணியும் மளிகையும் வீட்டுச் சாமான்களும் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடைக்கு இடம் பார்த்திருந்தார்கள். கடைக்கு உள்ளே போகும் வழியை வரைபடத்தில் ஒரு சிறுபாலத்தின் மேல் போட்டிருந்தார்கள். மழைத்தண்ணீர் போகக் கட்டிய, முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர் கொண்ட பாலம். அவ்வளவுதான்... வரைபடத்தைப் பார்க்கிறவனுக்கு அங்கே வேறொன்றும் இல்லை.

முதல் தடவை நேர்மையாகத்தான் எண்ணினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்; என்னை நல்லவனாகக் காட்ட அல்ல, உண்மை எனக்குத் தெரிந்தே இருந்தது என்று நீங்கள் புரிந்துகொள்ள!

வேலை நாள், மதியம் ஒன்றரை மணி. இரண்டாம் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் நேரம். அந்தச் சிறுபாலத்தில் பெண்பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் மண்ணோரத்தில் நின்றார்கள். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை. கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரம் கட்டி அவர்களை அள்ளிக்கொண்டு போயின. பக்கத்தில் கார் ஏற்றிய நீண்ட டிரெய்லர்கள் தரை அதிர ஓடின.

என்னிடம் இருந்த படிவத்தில் லாரிக்குக் கட்டம் உண்டு, பஸ்ஸுக்கு உண்டு, மாட்டுவண்டிக்குக்கூட உண்டு. காத்து நிற்கும் மனிதருக்குக் கட்டம் கிடையாது! கம்பெனி பஸ் நிற்கும் இடம் அரசாங்கக் கணக்கில் நிறுத்தமே அல்ல. பலகை இல்லை, கூரை இல்லை. பஸ் அங்கே நிற்கும் என்பது நிற்கிறவர்களுக்கும் டிரைவருக்கும் மட்டும் தெரியும்.

அவர்களில் ஒருத்தி என்னிடம் வந்தாள். செல்வராணி. சங்கரன்கோவில் பக்கம். செல்போன் செய்யும் ஆலையில் ஒப்பந்த வேலை. ஆறு பேரோடு ஓர் அறையில் வாசம். எதற்கு எண்ணுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். கடை வருகிறது என்றதும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு பாலத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்ஙனதான் அண்ணே நாங்க நிக்கோம். வேற எடம் கிடையாது. வண்டிய மட்டும் எழுதாதீங்க, எங்களயும் எழுதிக்கிடுங்க."

எழுதினேன். அவள் பார்க்கவே, படிவத்தின் ஓரத்தில், "சிறுபாலம் - காத்திருக்கும் தொழிலாளர்கள் - வழியை மாற்ற வேண்டும்" என்று எழுதினேன். அவள் எட்டி வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

எங்கள் அலுவலகத்தின் முதலாளி என் தாள்களைப் புரட்டினார். இந்த எண்ணிக்கையோடு போனால் வழியையே மாற்றச் சொல்வார்கள், கடை கட்டுகிறவர் நம்மை விட்டுவிட்டு வேறு ஆளிடம் போய்விடுவார் என்றார். கோபப்படவில்லை. தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

"ஆயுத பூஜை வருதில்லப்பா? அன்னிக்கு ரோடு காலியா கெடக்கும். அன்னிக்கே எடுத்துடு."

எவ்வளவு எளிது பார்த்தீர்களா! அந்தப் பகுதியில் ஆயுத பூஜை என்றால் ஆலை முழுவதும் அடங்கிவிடும். முந்தின நாளே இயந்திரங்களைத் துடைத்து, பொட்டு வைத்து, பொரிகடலை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கம்பெனி பஸ்கள் முகப்பில் வாழைக்கன்று கட்டிக்கொண்டு ஷெட்டில் நிற்கும். தெற்கத்திப் பிள்ளைகள் விடுமுறையைச் சேர்த்துக்கொண்டு ஊருக்குப் போயிருப்பார்கள். வருஷத்தில் இப்படி ஒரு நாளைத் தேடிப் பிடித்து, இதுதான் இந்தச் சாலையின் அன்றாடம் என்று எழுத வேண்டும்... இதைச் சொல்ல அவருக்கு வெட்கமில்லை. கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு மட்டும் இருந்ததா என்ன?

போனேன். கட்டை விரலால் அழுத்தினால் எண் ஏறும் சின்னக் கருவி ஒன்று வைத்திருப்பேன். அதற்கும் அலுவலகத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துப் படத்தின் முன் அடுக்கியிருந்தார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று யாரும் தொட மாட்டார்கள். கொத்தனார் கரண்டியைத் தொட மாட்டார், தையற்காரர் கத்தரியைத் தொட மாட்டார். நான் தொட்டேன்! ஒவ்வொரு வண்டிக்கும் அழுத்த அழுத்த, குங்குமம் என் விரலில் அப்பிக்கொண்டது.

எதிரே டீக்கடை நடத்தும் அக்கா கடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா சார், இன்னிக்குப் போய் எண்ணிகினு கீறீங்க? கம்பெனி பஸ்ஸே இல்ல, இன்னாத்த எண்ணுவீங்க?"

டீ ஆற்றுகிற பெண்ணுக்குத் தெரிந்தது, படித்த எனக்குத் தெரியாதா? குனிந்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

அறிக்கையில் தேதியை ஒரு வாரம் முன்னால் தள்ளிப் போட்டேன். "சாதாரண வேலை நாள்" என்று எழுதினேன். "வழி பாதுகாப்பானது, வண்டி நிறுத்துமிடம் போதுமானது" என்று எழுதினேன். சிறுபாலத்தைப் பற்றி ஒரு வரி... ஒரே ஒரு வரிகூட இல்லை!

அதை வாங்கிப் பார்த்த மேசைகள் எத்தனை! எல்லா மேசைகளிலும் முத்திரை விழுந்தது. ஒரகடம் சாலையில் கம்பெனி பஸ் இல்லாத வேலை நாள் உண்டா என்று ஒருவராவது கேட்டிருக்கக் கூடாதா? கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். மாட்டியிருக்க வேண்டும்! ஆனால் அவர்கள் மேல் பழி போட்டு நான் நழுவப் பார்க்கிறேன், பாருங்கள்... இது என் பழைய பழக்கம்.

கடை வந்தது. சிறுபாலத்தின் சுவரை இடித்து, மேலே கான்கிரீட் போட்டு, நுழைவு வளைவு வைத்தார்கள். தீபாவளிச் சமயத்தில் உள்ளே நுழையக் காத்திருக்கும் கார்கள் சாலை வரை நீண்டு நின்றன. கம்பெனி பஸ் ஓரம் கட்ட முடியாமல் நடுச்சாலையில் நின்றது. பிள்ளைகள் கார்களுக்கு இடையே புகுந்து ஓடிப்போய் ஏறினார்கள்.

ஒரு நாள் செய்தித்தாளில் உள்பக்கத்தில் நான்கு வரி. புதிய கடை வாசலில் பஸ் ஏற ஓடிய பெண் தொழிலாளி மீது லாரி மோதியது, படுகாயம். பெயர் போடவில்லை. நான் அதை இரண்டு முறை படித்தேன். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். விசாரிக்கவில்லை! போய்ப் பார்க்கவில்லை! யாரோ ஒருத்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் அந்தச் சாலைப் பக்கமே போகாமல் தப்பித்தேன். பிறகு வீட்டில் மிக்ஸி பழுதானது. அங்கே தள்ளுபடி என்று மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனை காரணம்தான் சொல்வது? ஸ்கூட்டரில் கிளம்பினோம்.

வளைவைத் தாண்டியதும் ஒரு கூண்டு. உள்ளே உட்கார்ந்து வண்டிக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். செல்வராணி! சுவரில் ஒரு தாங்குகட்டை சாய்த்து வைத்திருந்தது. இடது முழங்காலுக்குக் கீழே சுடிதாரை மடித்து ஊசி குத்தியிருந்தாள்.

"அண்ணே, வண்டி எண்ணுன அண்ணன்தானே?" என்றாள். தலையாட்டினேன். அவளே சொன்னாள்: கால் போனதும் ஆலையில் எடுக்கவில்லையாம், கடைக்காரர்கள் இந்த வேலையைப் போட்டுக் கொடுத்தார்களாம். குரலில் குறையே இல்லை. என் மனைவியைப் பார்த்து, எனக்கு நற்சான்று கொடுப்பதுபோல் சொன்னாள்.

"இவுக அன்னிக்கே எழுதுனாக அக்கா. எங்கள நிக்க விடணும், வழிய மாத்தணும்னு. நான் என் கண்ணால பாத்தேன். மேல உள்ளவனுவதான் கேக்கல."

என் மனைவி என்னைப் பெருமையோடு பார்த்தாள்.

அன்று ஓரத்தில் எழுதிய அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. கிழிக்கவில்லை. ஏன் வைத்திருக்கிறேன்? ஒரு நாளாவது உண்மை எழுதியவன் என்று காட்டிக்கொள்ளவா? யாரிடம்?

அந்தக் கூண்டின் முன்னால் சொல்லியிருக்கலாம். பின்னால் ஒரு கார்கூட நிற்கவில்லை, நேரம் இருந்தது. "இல்லையம்மா, அந்தத் தாளை நான் மேலே கொடுக்கவே இல்லை" என்று ஒரு வாக்கியம்... என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வராணி டோக்கனை நீட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா, எழுதினேன்" என்றேன்.