மூன்றாவது தடவை

லுவாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அவள் புருஷனின் வயிற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஹனோய்க்குத் தெற்கே நாம்தின் என்ற ஊர்ப் பக்கத்தில் மீன் குட்டை வைத்திருக்கும் தோவானுக்கு ஈரலுக்குள் பித்தக் குழாய்களில் கல். இரண்டு முறை வயிற்றைக் கிழித்து எடுத்தாயிற்று. இரண்டு முறையும் அவனைக் குளிப்பாட்டி, கஞ்சி ஊட்டி, வருஷக்கணக்கில் பச்சை மீனை வாசலோடு நிறுத்தியவள் அவள்தான்.

இப்போது மறுபடியும் காய்ச்சல், மஞ்சள் கண். ஹனோய் டாக்டர் பொறுமைசாலி. ஈரலின் இடப்பக்கம் கெட்டுவிட்டது, அதை வெட்டத்தான் வேண்டும் என்றார்.

"பழையபடி பெருசா கிழிச்சும் பண்ணலாம். சின்னச் சின்ன ஓட்டை போட்டு கேமரா வழியாவும் பண்ணலாம். ரோபோ கைய நான் ஓட்டியும் பண்ணலாம், அது உள்ள மணிக்கட்டு மாதிரி வளையும். ஓட்டைன்னா சீக்கிரம் எழுந்துருவாரு. பழைய தழும்பு உள்ள ரொம்ப ஒட்டியிருந்தா பாதியில கிழிக்க வேண்டி வரலாம்."

"எதுல பண்ணா திரும்ப வராது டாக்டர்?" என்றாள் லுவா.

"அது கத்தியில இல்லம்மா, அவர் வாயில இருக்கு. பச்சை மீன்ல இருக்குற புழுதான் அந்தக் குழாய்ல குடியேறிக் கல்லு கட்ட வைக்குது."

முடிவெடுக்கக் குடும்பமே வராந்தாவில் கூடியது. நோயாளியைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். சின்னதாகச் சுத்தம் பண்ணுகிறார்கள் என்று அவனிடம் சொல்லிவைத்திருந்தார்கள். அங்கே வழக்கம் அப்படி.

"அவரையும் ஒரு வார்த்தை கேட்டுரலாமே அத்தான்," என்றாள் லுவா.

"பயந்துருவான். நீ சும்மா இரு," என்றார் தோவானின் அண்ணன் பாக். "ரோபோவே பண்ணட்டும். நம்ம வம்சத்துல மெஷின் கையில படுத்த மொத ஆளு நம்ம தம்பிதான்!"

அந்தப் பெருமைக்கு முன்னால் அவள் பேச்சு எடுபடவில்லை. பெரியவர் சொன்னால் சொன்னதுதான்.

சிகிச்சை நன்றாகவே முடிந்தது. கிழிக்க வேண்டியிருக்கவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. முன்பெல்லாம் தும்மினாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வான்; அந்த வலி அவளுக்குத் துணையாக நின்று அவனைப் பயமுறுத்தியது. இப்போது நாலைந்து புள்ளித் தழும்பு. சட்டையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். வெட்டிப் போட்ட ஈரல் துண்டைப் பற்றி அப்போதும் யாரும் அவனிடம் சொல்லவில்லை. லுவாவும் சொல்லவில்லை, பாக் சத்தியம் வாங்கியிருந்தார்.

அவன் தேறியதும் பாக் வீட்டில் விருந்து. குட்டை மீனைப் பச்சையாகச் சீவி, வறுத்த அரிசிப் பொடியில் புரட்டி, அத்தி இலையில் சுருட்டி, முதல் சுருளைத் தம்பி கிண்ணத்தில் வைத்தார் அண்ணன். பெரியவர் வைத்ததை ஒதுக்கினால் அவமானம்.

"வேணாங்க, டாக்டர் சொன்னாரே!" லுவாவின் குரல் உடைந்தது.

"நாலு ஓட்டைக்கு இவ்வளவு பத்தியமா? நாட்டுச் சாராயம் ஒரு மொடக்கு உள்ள போனா எந்தப் புழு தாங்கும்?" என்றார் பாக். பந்தியே சிரித்தது.

"ஈரல்ல பாதிய..." என்று தொடங்கினாள். பாக் நிமிர்ந்து பார்த்தார். அவள் வாய் மூடிக்கொண்டது. அந்த நிமிஷம் தன்மேல் அவளுக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

தோவான் சுருளை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றான்.

"ஏன்டி அழுவுற? அடுத்த தடவையும் அந்த மெஷின் இருக்கும்ல," என்றான். "கொஞ்சம் இஞ்சி நறுக்கிக் கொண்டா."

லுவா எழுந்து போய் இஞ்சி நறுக்கினாள்.