டீக்காரர் கேட்ட கேள்வி

பதினாறு வருடமாக ஸ்கூட்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றும் செவிலியர் நான். பிரசவம் பார்க்கச் சொன்னால் தயங்காமல் பார்ப்பேன். மைக்கைக் கையில் கொடுத்தால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட என்னிடம் பதினான்கு பெண்களை ஒப்படைத்து, பத்தே நாளில் இவர்களைச் சுகாதாரத் தன்னார்வலர்களாக்கி அனுப்பு என்றார்கள். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளைக் கவனிக்க வேண்டும், குடும்பநலம் பற்றிப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். இதெல்லாம் அவர்கள் வேலை. அதைச் சொல்லிக் கொடுப்பது என் வேலை.

திண்டுக்கல்லில் எங்களுக்குக் கிடைத்த இடம் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் கிடைத்தது. கடைசியாக நடந்த கல்யாணத்தின் தெர்மாகோல் இதயம் இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேடையில் சிவப்பு வெல்வெட் போட்ட மாப்பிள்ளை நாற்காலி, பெண் நாற்காலி. வேறு நாற்காலி இல்லாததால் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து முதல் வகுப்பை ஆரம்பித்தேன். நான் வாய் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டது.

சிரித்தவள் நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயம் செய்யும் வீட்டு மருமகள். முப்பது வயதிருக்கும். தினமும் ஒரு பை நிறைய மல்லிகை கொண்டுவந்து பதினான்கு தலைக்கும் என் தலைக்கும் பங்கு போடுவாள். எதற்கும் முதலில் சிரிப்பவள் அவள்தான்.

"சாரி சிஸ்டர். பக்கத்து நாக்காலி காலியா இருக்கா, பொண்ணு எங்கன்னு நெனச்சேன். சிரிப்பு வந்துருச்சு" என்றாள்.

எனக்கும் வந்துவிட்டது. மண்டபமே சிரித்தது. சிரித்து முடித்தபோது நாக்கு தானாகவே கழன்று வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. அதன்பிறகு பத்து நாளும் எனக்குப் பயம் என்ற ஒன்று ஞாபகத்துக்கே வரவில்லை.

சிரிப்புக்குத்தான் பஞ்சமே இல்லையே. ரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுக்கொண்ட அன்று, பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்ததும் ஒருத்தி "ஐயோ, வளையல் கடையில கூட இம்புட்டு இறுக்க மாட்டாங்களே" என்று கத்தினாள். அதைக் கேட்டு எல்லாரும் சிரித்ததில் அன்றைக்கு எடுத்த அளவு ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. சிரிக்கும்போது அளவு பார்க்கக் கூடாது என்பதையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டோம்.

நான்காம் நாள் குடும்பநலம். அதுவரை வாயாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பலகையில் 'ஆணுறை' என்று பெரிதாக எழுதி, வாசிக்கச் சொன்னேன். ஒருவரும் வாசிக்கவில்லை. நிலக்கோட்டைக்காரி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

"நாமளே சொல்ல வெக்கப்பட்டா அடுத்த வீட்டு வாசல்ல போய் எப்புடி வெளக்குறது? நான் ஒன்னு, ரெண்டு, மூனு சொல்லுவேன். எல்லாரும் சேந்து சத்தமா சொல்லணும்" என்றேன்.

முதல் தடவை கொசு ரீங்காரம் போல வந்தது. இரண்டாம் தடவை பாதிப் பேர் சொன்னார்கள். மூன்றாம் தடவை பதினான்கு பேரும் ஒரே குரலில் "ஆணுறை!" என்று கத்தியதில் மண்டபம் அதிர்ந்தது. அதே நொடியில் கதவைத் திறந்துகொண்டு டீக்காரர் உள்ளே வந்தார்.

எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்தவர் அவர். முப்பத்தைந்து வயது இருக்கும். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை தட்டில் டீ கொண்டுவருவார். யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். அன்று தட்டில் இருந்த கண்ணாடி கிளாஸ்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. "டீ" என்று மட்டும் சொன்னார். தட்டைத் தரையில் வைத்தார். வந்த வழியே ஓடிவிட்டார். வாசலில் கழற்றிய செருப்பைக்கூடப் போடவில்லை.

"அண்ணே, செருப்பு! செருப்பு!" என்று நிலக்கோட்டைக்காரி அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட, அவர் இன்னும் வேகமாக ஓடினார். நாங்கள் டீயைக் குடிக்க முடியாமல் சிரித்தோம்.

மறுநாள் நாடகப் பயிற்சி. கருத்தடை அறுவை என்றாலே பெண்தான் படுக்க வேண்டும் என்று வீடுகளில் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆணுக்குச் செய்வது அதைவிடச் சின்ன வேலை என்று ஒரு கணவனிடம் பேசிப் பார்க்க வேண்டும். கணவனாக நடிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் ஒருமுகமாகக் கீரனூர்க்காரம்மாவைக் கைகாட்டினார்கள்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது. நல்ல உயரம், கட்டைக் குரல். தினமும் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து போக முடியாது என்று டவுனில் தங்கை வீட்டில் தங்கிப் பயிற்சிக்கு வந்தவர். "ஏனுங்க, நானுங்களா?" என்று மூன்று தடவை மறுத்தார். நான்காம் தடவை தானே சேலைமேல் ஒரு துண்டை வேட்டியாகச் சுற்றி, மைப்பென்சிலால் மீசை வரைந்து, மாப்பிள்ளை நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்துவிட்டார். தன்னார்வலராக நிலக்கோட்டைக்காரி எதிரில் நின்றாள்.

"அதெல்லாம் ஆவாதுங்கம்மிணி. நானு தென்ன மரம் ஏறோணும், மூட்ட தூக்கோணும்" என்று மீசையைத் தடவினார் கீரனூர்க்காரம்மா.

"ஒன்னும் ஆகாதுண்ணே. ஊசி போட்டு மரத்துப்போக வச்சிருவாக. கத்தி கெடையாது, தையல் கெடையாது. செத்த நேரத்துல எந்திரிச்சு வந்துரலாம். ஒரு வாரம் கனமா தூக்காம இருந்தாப் போதும்."

"அப்புறம்..." கீரனூர்க்காரம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது... முன்ன மாதிரியே இருக்குமுங்களா?"

அவ்வளவுதான். நிலக்கோட்டைக்காரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்வரிசையில் ஒருத்தி விக்கினாள், ஒருத்தி தண்ணீர் என்று கை காட்டினாள். எனக்குக் கண்ணில் நீர் வழிந்தது. கீரனூர்க்காரம்மா மட்டும் மீசையோடு கம்பீரமாக உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருந்தார்.

அப்போது வாசல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"சிஸ்டர், அந்த அண்ணன் கேட்டதுக்குப் பதில் சொல்லவே இல்லையே."

டீக்காரர். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது, தட்டில் டீ ஆறி ஆடை படிந்திருந்தது. முதல் தடவையாக நிமிர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. நான் எழுந்து, எந்த நாடகமும் இல்லாமல் அவருக்கே பதில் சொன்னேன்.

"எல்லாம் முன்ன மாதிரியேதான் இருக்கும். ஆசையும் கொறையாது, பெலமும் கொறையாது. ஆனா ஒடனே பலிக்காது. மூனு மாசம் கழிச்சு ஒரு டெஸ்ட் எடுத்துப் பாக்கணும். அதுவரைக்கும் வேற பாதுகாப்பு வேணும்."

"வேற பாதுகாப்புன்னா... அன்னைக்கு எல்லாரும் கத்துனாங்களே, அதா?"

"அதேதான்."

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். சாயந்திரம் டீ கொடுத்துவிட்டு, போகாமல் தூணருகே நின்றார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் ஆபரேஷன் பிரசவம். சின்னதுக்கு எட்டு மாதம். மனைவிக்கு ரத்தம் குறைவு. இன்னொரு கத்தியா என்று பயப்படுகிறார். இவர் செய்துகொள்ளத் தயார். ஆனால் அம்மா இருக்கிறாரே!

"எங்கம்மாகிட்ட இத நான் சொன்னேன்னா வீட்டுக்குள்ளயே விடாது சிஸ்டர். நீங்க வந்து பேசணும்."

வேறு வழிகளும் இருக்கின்றன, இரண்டு பேரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னேன். மனைவியிடம் பேசிவிட்டதாகச் சொன்னார். மறுநாள் எங்களுக்கு எப்படியும் வீடு வீடாகப் போய்ப் பழகும் நாள். நானும் இன்னொருவரும் வருகிறோம் என்றேன். பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள். டீக்காரர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எல்லாருமே வரட்டும் சிஸ்டர். கூட்டத்தப் பாத்தாவது அம்மா பயப்படட்டும்" என்றார்.

அவர் வீடு அகரத்தில். டவுன் பஸ்ஸில் பதினைந்து பேர் மல்லிகைப்பூவோடு ஏறியதும் கண்டக்டர் "எந்த மண்டபம் இறங்கணும்?" என்று கேட்டார். வழியெல்லாம் கீரனூர்க்காரம்மா டீக்காரரின் அம்மாவாக நடித்து, மாறி மாறிக் கேள்வி கேட்டு எங்களைத் தயார்செய்தார். ஆண்பிள்ளைக்கு உடம்பு பலமிழந்துவிடுமே, ஊர் என்ன சொல்லும், பேரன் வேண்டுமென்றால் என்ன செய்வது? எல்லாவற்றுக்கும் பதில் மனப்பாடம்.

அம்மா வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வரிசை சந்துக்குள் நுழைந்து முடியும்வரை பார்த்தார்.

"எந்த வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கீக?"

"பொண்ணு பாக்க இல்லம்மா. உங்க மகனப் பத்திப் பேச வந்தோம்" என்றேன்.

"அவனுக்குத்தான் கல்யாணம் ஆயிருச்சே!"

நிலக்கோட்டைக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்; இடம் போதாமல் பாதிப் பேர் வாசலிலேயே நின்றார்கள். மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். நான் விஷயத்தை நிதானமாகச் சொன்னேன். நாங்கள் தயார்செய்த கேள்வி ஒன்றையும் அந்த அம்மா கேட்கவில்லை. மொச்சைத் தோலை மடியிலிருந்து உதறினார்.

"இம்புட்டுத்தானா? இதச் சொல்லவா இம்புட்டுப் பேர் வந்தீக? இவன் அப்பன்கிட்ட நான் இதைத்தான அன்னைக்குத் தலையால அடிச்சுக்கிட்டேன்! நர்ஸம்மா தெரு மொனையில வாராகன்னு தெரிஞ்சாப் போதும், அந்த மனுசன் பொறவாசல் வழியா ஓடிச் சோளக்காட்டுக்குள்ள ஒளிஞ்சுக்குவாரு. இருட்டுனப் பொறவுதான் வருவாரு. கடைசியில நான்தான் போய்ப் படுத்தேன். இவனாவது ஆம்பளையாப் போயிட்டு வரட்டும்."

வாசலில் நின்றவர்கள் காதிலும் சோளக்காடு விழுந்துவிட்டது. ஒருத்தி ஆரம்பிக்க, தெருவே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. ஒன்று குழந்தை, விஷயம் புரியாமல் விரலைச் சப்பியது. இன்னொருவர் டீக்காரர். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அம்மா ஒத்துக்கிருச்சா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒத்துக்கிட்டாங்களே."

"அப்ப... நான் போகணுமா?"

அம்மா மறுத்துவிடுவார் என்பதுதான் அவருடைய கடைசித் தைரியம் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. கதவோரம் நின்ற மனைவிக்கும் புரிந்துவிட்டது. கணவர் முகத்தைப் பார்த்ததும் களுக்கென்று சிரித்துவிட்டார். "பயந்தா வேணாங்க, பெறகு பாத்துக்கலாம்" என்றார். அதைக் கேட்டதும் டீக்காரருக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது. "யாரு பயந்தா? எப்ப வரணும் சிஸ்டர்?" என்றார்.

பரிசோதனைகள் முடிந்து எட்டாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் அவர் மனைவியும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மண்டபத்திலிருந்து நிலக்கோட்டைக்காரி போன் செய்தாள். உள்ளே போன மனிதர் கொஞ்ச நேரத்தில் நடந்தே வெளியே வந்தார்.

"சிஸ்டர், ஊசி போட்டாங்க. ஏதோ பேசிக்கிட்டே இருந்தாங்க. வெளிய போய் உக்காருன்னுட்டாங்க. எப்ப ஆரம்பிப்பாங்களாம்?"

"முடிஞ்சிருச்சுங்க" என்றேன்.

அவர் குனிந்து தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மனைவியைப் பார்த்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் பெஞ்சில் வரிசையாகக் காத்திருந்தவர்கள் என்னவென்று திரும்பிப் பார்த்தார்கள். நான் போனில் "முடிஞ்சது" என்று சொன்னதும் மறுமுனையில் பதினான்கு பேர் போட்ட கூச்சலில் காதை விட்டுப் போனைத் தூரப் பிடித்தேன்.

கனம் தூக்கக் கூடாது என்பதால் மீதி இரண்டு நாள் டீ கொதிக்க வைப்பதும் தட்டு தூக்குவதும் எங்கள் ஆட்கள்தான். கீரனூர்க்காரம்மா போட்ட டீயில் சர்க்கரை பாகாக இறங்கியிருந்தது. அதைக் குடித்துக்கொண்டேதான் சர்க்கரை நோய்ப் பாடத்தை முடித்தோம். டீக்காரர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பால் பொங்குது, அடுப்பைக் குறைங்க என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தார். அத்தனை நாளும் நிமிர்ந்து பார்க்காத மனிதர்!

கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தபோது சிரிப்போடு கொஞ்சம் அழுகையும் வந்தது. அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. கைபேசியில் ஒரு குழு ஆரம்பித்துக்கொண்டு அவரவர் ஊருக்குப் பிரிந்தார்கள்.

மூன்று மாதம் கழித்து டீக்காரர் டெஸ்ட் ரிப்போர்ட்டோடு என்னைத் தேடி வந்தார். முகம் தொங்கியிருந்தது. "ஒன்னுமே இல்லன்னு எழுதியிருக்காக சிஸ்டர்" என்றார்.

"ஒன்னுமே இல்லாமதான் இருக்கணும். பாஸாயிட்டீங்க!"

அவர் அதைக் கேட்டு நின்ற இடத்திலேயே ஒரு குதி குதித்தார். அதன்பிறகு ஆண்கள் யாராவது இந்த விஷயத்தில் என்னிடம் தயங்கினால், நான் விளக்குவதோடு நிறுத்துவதில்லை. டீக்காரர் சம்மதத்தோடு அவருடைய கடைக்கும் அனுப்பிவைக்கிறேன். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார், முன்னைப்போலக் கூச்சமில்லாமல், கொஞ்சம் மிகைப்படுத்தி.

போன வாரம் கீரனூர்க்காரம்மா போன் செய்தார். அவர் ஊரில் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் பாதி மனதுக்கு வந்துவிட்டாராம். மீதி மனதுக்கு ஓர் ஆம்பளை சொல்லிக் கேட்க வேண்டுமாம்.

"ஏனுங்க சிஸ்டர், நாளைக்கு அவரயே கூட்டிட்டு வாரனுங்க. அந்தக் கட எத்தன மணிக்குத் தொறப்பாங்க?"

விடிகாலை ஐந்துக்கே திறந்துவிடுவார், ஆனால் காலை நேரத்தில் கூட்டம் இருக்கும், பதினொரு மணிக்குமேல் வந்தால் ஆற அமரப் பேசலாம் என்று சொன்னேன்.